சவுரி வைத்த படம்

கார்த்திகை பிறந்தும் மழை விட்டபாடில்லை. இரும்புலியூரில் அங்காளம்மா வீட்டு வாசல்படி வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. அலசிய முடியைக் காயப்போட வெயில் இல்லாததால், அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் கற்றை கற்றையாகத் தொங்கவிட்டிருந்தாள். வீடு முழுக்க சீயக்காயும் ஈர முடியும் கலந்த வாடை. புதிதாக வருகிறவர்களுக்குக் குமட்டும். அங்காளம்மாவுக்கும் அவள் பெண்கள் இருவருக்கும் அது உலை கொதிக்கிற வாடை மாதிரி பழகிப்போனது.

பெண்கள் பின்னலோடு சேர்த்துக்கொள்ளும் சவுரி முடைவது அங்காளம்மாவின் தொழில். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை ஆளாக்கியது ஊரார் தலையிலிருந்து உதிர்ந்த முடிதான். சுற்றுப்பட்ட தெருக்களில் பெண்கள் சீப்பில் வந்த முடியை உருட்டிக் கூரை இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள். அதை வாங்கி வந்து அலசுவாள். சிக்கெடுப்பாள். ஆணி அடித்த பலகையில் போட்டு இழுத்து இழுத்து நேராக்குவாள். பிறகு நீளம் பார்த்துப் பிரித்து, நூலில் முடிச்சுப் போட்டு, தாம்பரம் மார்க்கெட்டில் வளையல் கடைக்குக் கொடுப்பாள். பெரியவள் கங்கையம்மாளும் சின்னவள் தையல்நாயகியும் விவரம் தெரிந்த நாளிலிருந்து சிக்கெடுத்தவர்கள். கையில் ஒரு முடியைக் கொடுத்தால் போதும், எந்த முனை வேர், எந்த முனை நுனி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

அந்த இருவரில் கங்கையம்மாள் இப்போது இல்லை. பொத்தேரியில் வாழ்க்கைப்பட்டவள். ஐப்பசி மழையில் அடிபம்பு மேடையில் பாசி வழுக்கி விழுந்தாள் என்றார்கள். வயிற்றில் ஆறு மாதம். ரத்தம் நிற்காமல், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வேனிலேயே உயிர் போய்விட்டது. அம்மணி என்று கூப்பிடுகிற ஐந்து வயதுப் பெண்குழந்தையை விட்டுவிட்டுப் போனாள்.

காரியம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து மருமகன் சம்பத் வந்தான். போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட். காட்டாங்குளத்தூரில் காலேஜ் வந்ததிலிருந்து மெஸ், லாட்ஜ், ஜெராக்ஸ் கடை என்று அவனுக்கு ஓயாத வேலை. மெதுவாகப் பேசுவான். குடிக்க மாட்டான். யாரைப் பார்த்தாலும் கை கூப்புவான். அன்றைக்கு நனைந்துகொண்டே வந்தவன், சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மாமியார் முன்னால் வைத்தான்.

"அத்தே, இது அவ தலமுடி. வாரி வாரி இதுல போட்டு வெச்சிகினு இருந்தா. உங்களாண்ட குடுக்கணும்னு சொல்லிகினே இருப்பா."

அங்காளம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். "தங்கச்சி கல்யாணத்துக்கு நானே முடி சேத்துத் தரேம்மான்னு சொன்னா, பாவி."

"நான் ஒண்ணு நெனச்சிகினு கீறேன் அத்தே. பலகையில அவள ஆள் ஒசரத்துக்கு வரையப் போறேன். மூஞ்சி, கை, பொடவ எல்லாம் பெயின்ட்டு. முடி மட்டும் மெய்யாலுமே அவ முடி. நீங்க சவுரி முடைஞ்சி குடுங்க. நான் அதுல வெச்சி ஒட்டிடறேன். கொயந்த பாத்தா அம்மா நிக்கிறான்னு தோணணும்."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அங்காளம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கதவோரம் நின்ற தையல்நாயகிக்கும் கண் கலங்கியது. செத்தவளை இவ்வளவு நினைக்கிற ஆம்பளை எங்கே கிடைப்பான் என்று நினைத்தாள்.

தையல்நாயகிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சானடோரியம் பக்கம் புதிதாக வந்திருந்த ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மிஷினில் இருந்தாள். நாள் முழுக்க சட்டைக் காலர் தைப்பது அவள் வேலை. மறுநாள் வேலை முடிந்து தண்ணீரில் கால் அளைந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது, அம்மா சுவரைப் பார்க்க உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் டின் காலியாகக் கிடந்தது. ஆணிப்பலகைக்கு வலது பக்கம் பெரிய குவியலாக முடி. இடது பக்கம் ஒரு செய்தித்தாளின்மேல் சின்னதாக ஒரு கற்றை.

"அது இன்னாம்மா தனியா?"

"ஆவாத முடி." அங்காளம்மா காகிதத்தை மடித்து முட்டிக்கடியில் வைத்துக்கொண்டாள். "சோறு வடிச்சி வெச்சிகீறேன். கருவாட்டுக் கொழம்பு கீது. போட்டுத் தின்னு."

"நீ துன்னியா?"

"எனக்குப் பசிக்கில."

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பெண்ணை நினைத்துக்கொள்கிறாள் என்று தையல்நாயகி விட்டுவிட்டாள். நாலாம் நாள் சவுரி முடைந்து முடிந்திருந்தது. முட்டிவரை நீளம். அங்காளம்மா வாழ்நாளில் முடைந்ததிலேயே அதுதான் நல்ல சவுரி.

பொங்கலுக்கு மறுவாரம் படம் தயாராகிவிட்டது என்று சம்பத் சொல்லி அனுப்பினான். தாயும் மகளும் பொத்தேரிக்குப் போனார்கள். தெருவே அங்கே கூடியிருந்தது. நடுக்கூடத்தில் சுவரோடு சேர்த்துப் பலகையை நிறுத்தியிருந்தான். கங்கையம்மாள் மஞ்சள் புடவையில் நின்றாள். புடவைக் கரைக்கு அவளுடைய கல்யாணப் புடவையின் ஜரிகையையே வெட்டி ஒட்டியிருந்தான். சட்டத்தைச் சுற்றி அவள் போட்டிருந்த கண்ணாடி வளையல்களை உடைத்துப் பதித்திருந்தான். தலைமுடி தோளில் விழுந்து முன்பக்கமாக முட்டி வரை தொங்கியது. வாசல் காற்றில் அது லேசாக அசைந்தபோது பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஸ்ரீநிவாசராகவனும் இருந்தார். ரிட்டயர் ஆகி இரும்புலியூரில் வீடு கட்டிக் குடிவந்தவர். அவர் வீட்டு வாசல் பெயர்ப்பலகையை எழுதியது சம்பத். "எங்க ஆத்துல அவ போய் எட்டு மாசம் ஆறது. ஒரு போட்டோவுக்கு மாலை போட்டதைத் தவிர நான் ஒண்ணும் பண்ணலை" என்றார். "இந்தப் பிள்ளையைப் பாருங்கோ. எனக்கு வெக்கமா இருக்கு." தன் மனைவியின் புடவை ஒன்றைக் கொண்டுவந்து தருவதாகவும், அதே மாதிரி ஒரு படம் செய்து தர வேண்டும் என்றும் அங்கேயே கேட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு சம்பத்தின் அக்கா முத்தாலம்மாள் காப்பி கொடுத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அங்காளம்மா, சுத்தி வளைக்கல. கொயந்தைக்கு ஒருத்தி வோணும். வெளிய எடுத்தா வர்றவ எப்டி இருப்பாளோ. தையலுன்னா சித்திக்கு சித்தி, தாயிக்கு தாயி. இன்னா சொல்ற?"

அம்மா யோசிக்க நேரம் கேட்பாள் என்று தையல்நாயகி நினைத்தாள். அங்காளம்மா படத்தைப் பார்த்தாள். தையல்நாயகியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது.

வைகாசியில் கோவிலில் சம்பத் அவளுக்குத் தாலி கட்டினான். மறுநாளே கம்பெனி வேலையை விடச் சொன்னான். முன்பு மாமா என்று கூப்பிட்டவனை அப்படியே கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

பொத்தேரி வீட்டில் எல்லாம் படத்துக்குத்தான் முதலில். சோறு வடித்தால் முதல் கரண்டி படத்தின்முன். புதுப்புடவை எடுத்தால் ஒருநாள் படத்தின் காலடியில் இருந்துவிட்டுத்தான் அவளுக்கு. குழம்பை வாயில் வைத்துவிட்டு அவன் படத்தைப் பார்த்துச் சிரிப்பான். "உன்னுது மாரி இல்ல கங்கா. இன்னா பண்றது, துன்னுட்டுப் போறேன்" என்பான். தையல்நாயகி எதிரில்தான் நின்றிருப்பாள். அக்கா இருந்தபோது அவள் குழம்பு எப்படியென்று அவன் சொன்னதும் தையல்நாயகிக்கு நினைவிருந்தது. ஒரு தீபாவளிக்கு வந்தவன், கழுநீர்ப் பானையில் கொட்டச் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் படத்துக்குத் தலைவாரி, எண்ணெய் தொட்டு, பூ வைக்க வேண்டும். அது தையல்நாயகியின் வேலை. ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, புழுக்கத்தில் முடி பிசுபிசுத்துச் சிக்காகியிருந்தது. மெதுவாகத்தான் வாரினாள். சீப்போடு இரண்டு முடி வந்துவிட்டது.

பெயின்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த சம்பத் எழுந்து வந்தான். சீப்பை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ரெண்டு" என்றான். "அவளுக்கு வலிக்காது?"

"சிக்கு மாமா. மெல்லத்தான் வாரினேன்."

"எம்மாம் மெல்ல?"

கேட்டுக்கொண்டே அவள் கொண்டையைப் பிடித்தான். முகத்தில் கோபமே இல்லை. போர்டில் கோடு இழுக்கும்போது எப்படி இருப்பானோ அப்படித்தான் இருந்தான். கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தான். அவள் தலை சுவரில் மோதியது. காதுக்கு மேலே ஏதோ பொசுக்கென்று விட்டுப்போனது. கையைத் தட்டி உதறிவிட்டு, படத்தின்முன் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னான். கேட்டாள். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

தையல்நாயகி தரையிலேயே கிடந்தாள். அம்மணி அழவில்லை. அடி விழத் தொடங்கியதுமே போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். இப்போது தரையில் கிடந்த முடிக்கற்றையைப் பொறுக்கி, விரலில் சுற்றி, சின்ன வளையமாக்கிச் சித்தியிடம் நீட்டினாள்.

"இந்தா. டின்னுல போட்டு வெய்யி."

"எந்த டின்னுல?"

"பிஸ்கட் டின்னுல. அம்மா அதுலதான் போடும். அப்பா எட்துகினு போயி ஆயாவாண்ட குட்திட்டாரு."

தையல்நாயகி கற்றையை வாங்கினாள். சீப்பில் வருகிற முடி உருண்டையாக, தலையும் வாலும் கலந்து, சிக்கிக்கொண்டு கிடக்கும். இது நேராக இருந்தது. வேரெல்லாம் ஒரே பக்கம். ஒவ்வொரு வேரிலும் கடுகு போல வெள்ளைப் பொட்டு. அன்றைக்கு மழையில் வந்தபோது செய்தித்தாளின்மேல் தனியாகக் கிடந்த கற்றை அவள் கண்ணுக்குள் வந்தது. பிடுங்கிய முடி இது என்று அவளாலேயே ஒரு பார்வையில் சொல்ல முடிகிறதென்றால், நாற்பது வருஷம் முடியைத் தொட்ட கை இதைத் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம். சம்பத்தே குழந்தையோடு கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆடி முடிகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொன்னான். மாமியாருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தான்.

அவன் தலை மறைந்ததும் தையல்நாயகி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் கற்றையை எடுத்து ஆணிப்பலகையின்மேல் வைத்தாள்.

"இது இன்னா முடி, சொல்லும்மா."

அங்காளம்மா அதைத் தொடவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் முடியெல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தது.

"உனுக்கும் ஆரம்ச்சிட்டானா" என்றாள்.

"அப்ப தெரியும் உனுக்கு."

"டின்ன தொறந்த அன்னிக்கே தெரியும். பதினோரு கற்ற. ஒவ்வொண்ணையும் வெரல்ல சுத்தி வளையம் போட்டு வெச்சிருந்தா. நான் பிரிப்பேன்னு அவளுக்குத் தெரியும். எனக்குன்னேதான் போட்டு வெச்சிகீறா. அவன் அது தெரியாம அவன் கையாலயே எடுத்தாந்து குட்தான்."

"தெரிஞ்சிகினுதான் என்ன குட்தியா?"

அங்காளம்மா பக்கத்தில் கிடந்த ஒரு சிக்கை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"மூணு தடவ வந்தா அவ. இந்த எடத்துலதான் குந்திகினு அயுதா. மொளகாத்தூள் அரைச்சிக் குடுத்து, அரிசிமாவு குடுத்து, திருப்பித் திருப்பி அனுப்ச்சேன். மூணாந்தடவ வயித்துல புள்ள. ரெண்டாவது பொறந்தா அவன் அடங்கிடுவான்னு சொன்னேன். சிரிச்சிகினே போனா."

"அவள அனுப்ச்ச. செத்தா. அப்பால என்னையும் அனுப்ச்ச."

"அந்தக் கொயந்த அங்க கீதுடி. உன்ன குடுக்கலன்னா வேற எவளோ வருவா. அவளும் அடி வாங்குவா, வாங்கின ஆத்தரத்த கொயந்த மேல காட்டுவா. நீன்னா காட்ட மாட்ட. கங்கா மெத்து. நீ வாயாடி, தெனம் வெளிய போயி வேல செஞ்சவ. நீ தாங்குவன்னு நெனச்சேன்."

"எனக்கு வலிக்காதுன்னு நெனச்சிட்ட."

"வலிக்கும்னு தெரியும். சாவ மாட்டன்னு நெனச்சேன்."

தையல்நாயகிக்கு அழுகை வரவில்லை. "அந்தக் கற்ற எங்க?" என்று கேட்டாள்.

அங்காளம்மா தன் கொண்டையை அவிழ்த்தாள். நரைத்துப்போன எலிவால் முடிக்குள் ஒரு கைப்பிடி கறுப்புச் சவுரி வைத்துப் பின்னியிருந்தது. ஊருக்கெல்லாம் முடைந்தவள், தன் தலையில் ஒருநாளும் சவுரி வைத்ததில்லை. "பதினோரு கற்றையும் இதுல கீது" என்றாள். "படுத்தாலும் எய்ந்தாலும் என்னோடவே கீறா. அவன் படம் வெச்சிகீறான். நான் இத வெச்சிகீறேன்." மறுபடி இறுக்கி முடிந்துகொண்டாள்.

அந்த ஆடி முழுக்கத் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சிக்கெடுத்தார்கள். தேவைக்குமேல் பேசவில்லை. அம்மணி இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் சத்தமாகப் பேசவும் ஓடவும் தொடங்கினாள். பழைய கம்பெனிச் சிநேகிதி அருள்மேரியைப் போய்ப் பார்த்தாள் தையல்நாயகி. "லைன்ல ஒரு மிஷின் காலியா கீது. சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன். திங்கக்கெயம காலையில கம்பெனி கேட்டாண்ட வந்து நில்லு" என்றாள் அருள்மேரி. "கொயந்தைய எங்க அம்மாவாண்ட உடு. எங்க வூட்டுலயே இருந்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குச் சம்பத் வந்தான். முத்தாலம்மாளும் வந்தாள். வழியில் ஸ்ரீநிவாசராகவனைப் பார்த்து, அவர் வீட்டுப் படத்தின் அளவைப் பேசிக்கொண்டே அவரையும் அழைத்து வந்திருந்தான். தையல்நாயகி வாசலிலேயே சொல்லிவிட்டாள், வரமாட்டேன் என்று. குழந்தையும் வராது என்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் கையில் இருந்த வேலையோடு வந்து நின்றார்கள்.

"என் மேல இன்னா குத்தம்னு நீயே எல்லார் எதிர்லயும் சொல்லு தையலு" என்றான் சம்பத். குரலை உயர்த்தவில்லை.

"அடிக்கிற. எங்க அக்காவையும் அடிச்ச. பம்பு மேடையில அவ வழுக்கி உழல."

சம்பத் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"சார், நீங்களே பாத்தீங்க அந்தப் படத்த. ரெண்டு மாசம் சோறு தண்ணி இல்லாம பண்ணேன். அதப் பாத்தாலே இவளுக்கு ஆவல சார். செத்தவ மேல பொறாம. போன மாசம் சீப்பப் போட்டு இழுத்து முடியப் பிச்சிட்டா. கேட்டதுக்குத்தான் இந்தப் பேச்சு."

"நெஜமாம்மா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

"ரெண்டு முடி வந்துது. ஆனா..."

"ஆக, பண்ணியிருக்கே." அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "கூடப்பிறந்தவ. அவ மேல போய் இப்படியா? கையால அடிக்கிறவன் அதே கையால அப்படி ஒரு படம் பண்ண முடியுமா, சொல்லு. என்னால நம்ப முடியலைம்மா."

தையல்நாயகி சுற்றிலும் பார்த்தாள். எல்லா முகமும் அவர் முகம் மாதிரியே இருந்தது. அவள் திரும்பி, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்தாள்.

"அம்மா, வெளிய வா. வந்து உன் கொண்டைய அவுத்துக் காட்டு. அது யாரு முடி, எப்டி வந்துதுன்னு சொல்லு. உன் வாயால ஒரு தடவ சொல்லு, போதும்."

அங்காளம்மா எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். அவள் சொன்னால் ஊர் நம்பும். முடியைப் பற்றி அவள் சொன்னதை அந்தப் பக்கத்தில் யாரும் தட்டியதில்லை. சம்பத்தின் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று அசைந்தது. அவன் மாமியாரின் தலையைப் பார்த்தான்.

அங்காளம்மாவின் இரண்டு கையும் கொண்டைமேல் போயிற்று. அவிழ்க்கப் போகிறாள் என்றுதான் தையல்நாயகி நினைத்தாள். கைகள் கொண்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன.

"இன்னாத்த சொல்றது" என்றாள் அங்காளம்மா. "இது கடைக்கு முடைஞ்சதுல மிஞ்சின முடி. எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சின்னப் பொண்ணு, கோவத்துல பேசுது. இட்டுகினு போங்க மாப்ள."

முத்தாலம்மாள் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினாள். அம்மணி திமிறவில்லை. கூப்பிட்டதும் ஓடிவந்து கதை பேசிக்கொண்டிருந்த குழந்தை, அத்தையின் தோளில் கட்டைபோலக் கிடந்தது. சம்பத் பெரியவரைப் பார்த்துக் கை கூப்பினான். மாமியாரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தையல்நாயகியைப் பார்க்கவில்லை. அவனும் அக்காவும் குழந்தையுமாக ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். கூட்டம் கலைந்தது.

"இன்னாடி நின்னுகினு கீற" என்றாள் அங்காளம்மா. "பஸ்சு வந்துடும்."

தையல்நாயகி தாயின் முகத்தைப் பார்த்தாள். "உனுக்கு அந்த முடி பெருசா போச்சி" என்றாள்.

நாளைக் காலை கம்பெனி கேட்டில் போய் நின்றால் அருள்மேரி உள்ளே கூட்டிப்போவாள். தையல்நாயகிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்தத் திசையில் பத்து அடி நடக்கவும் செய்தாள். முத்தாலம்மாளின் தோளுக்குமேல் குழந்தையின் தலை சின்னதாகத் தெரிந்துகொண்டே போயிற்று. முத்தாலம்மாள் சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் படம் இருக்கும், அவன் இருப்பான், குழந்தை இருக்கும்.

அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். பிறகு ஓடினாள். ரோட்டை எட்டியபோது செங்கல்பட்டு பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. முன்வாசல் வழியாக அவர்கள் ஏறிவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், புளியடைத்த மாதிரி இருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்வாசலை நோக்கி ஓடினாள். கம்பியைப் பிடிப்பதற்கு முன்பே, ஜன்னலுக்குள்ளிருந்து சம்பத்தின் அமைதியான குரல் அவளுக்குக் கேட்டது.

"பொத்தேரி. மூணு ஃபுல்லு, ஒரு அர."